மருத்துவமனை மருந்தகத்திலேயே குழந்தைகளுக்கு மாத்திரை அச்சிடுவது: 1.2 மி.கி. ஹைட்ரோகார்டிசோனை எங்கிருந்து தொடங்குவது?

கல்வம்:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. மருந்துக் குழம்பை சிரிஞ்ச்சில் நிரப்பி, சூடாக்கி, நாசில் வழியாகப் பிதுக்கி மாத்திரை போடும் 3டி பிரின்டர் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. முதல் மருந்து ஹைட்ரோகார்டிசோன் என்று முடிவாகும் போலிருக்கிறது.

தேவை இதுதான். அட்ரினல் குறைபாடுள்ள கைக்குழந்தை (சுரப்பி கார்டிசோல் ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காததால் ஈடாக ஹைட்ரோகார்டிசோன் கொடுக்கிறோம்), உடல் பரப்பு 0.3 சதுர மீட்டர். நாளைக்கு சதுர மீட்டருக்கு 12 மி.கி. என்றால் 3.6 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 1.2 மி.கி. கையில் இருப்பதோ 10 மி.கி. மாத்திரை. நான்காக வெட்டினால் ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது, மிச்சம் தூள். அப்படியே சரியாக வெட்டினாலும் 2.5 மி.கி.தான் வரும். 10 மி.லி. தண்ணீரில் கலந்து 1.2 மி.லி. எடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னால், அந்த அளவு தண்ணீரில் ஹைட்ரோகார்டிசோன் முழுதாகக் கரைவதே இல்லை. குலுக்கி எடுத்தவருக்கு ஒரு டோஸ், குலுக்காமல் எடுத்தவருக்கு இன்னொரு டோஸ்.

என் கேள்விகள்: மையின், அதாவது அந்த மருந்துக் குழம்பின், செறிவை எப்படி முடிவு செய்வது? ஒவ்வொரு மாத்திரையையும் நிறுத்துப் பார்த்தால் போதுமா, ஒவ்வொரு பேட்ச்சும் மருந்தின் அளவைக் காட்டும் ஆய்வகச் சோதனையான எச்பிஎல்சிக்குப் போக வேண்டுமா? வழக்கமாக எந்த இடத்தில் கெடுகிறது? நோயாளி இருக்கும் இடத்திலேயே மருந்து தயாரிப்பது பற்றி ஜூலை 2025இல் இங்கே நடைமுறைக்கு வந்த சட்டம் எங்களுக்கு உதவுமா?

உருகுநிலை:

செறிவிலிருந்து தொடங்குங்கள். பிரின்டர் மில்லிகிராம் அளவில் மருந்தை அளப்பதில்லை, மையைத்தான் அளக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உங்கள் இயந்திரம் எந்த எடை வரம்பில் நிலையாகப் பிதுக்கும் என்பது. 0.8 மி.மீ. நாசிலில் 80 மி.கி.க்குக் கீழே போனால் நுனியில் தொங்கும் ஒரு சொட்டே பெரிய பிழையாகிவிடும். 400 மி.கி.க்கு மேல் போனால் சின்னக் குழந்தையின் வாய்க்கு அது பெரிது. 100 முதல் 400 மி.கி. வரை வைத்துக்கொள்ளுங்கள்.

1 சதவீத மை, அதாவது கிராமுக்கு 10 மி.கி. என்றால் 1 மி.கி. டோஸுக்கு 100 மி.கி. எடை, 1.2க்கு 120, 4க்கு 400. பெரும்பாலான குழந்தைகள் இதற்குள் அடங்கிவிடுவார்கள். 0.5 மி.கி. வேண்டுமென்றால் 0.5 சதவீத மை தனியாக வேண்டும். இரண்டு செறிவு வைத்த அன்றே மாறிப்போகும் ஆபத்தும் வந்துவிடுகிறது. ஒன்றுக்கு நிறம் சேருங்கள், சிரிஞ்ச் மூடியும் வேறு நிறமாக இருக்கட்டும், பார்கோடு பொருந்தாவிட்டால் அச்சு தொடங்கவே கூடாது. முடிந்தால் முதல் ஆண்டு ஒரே செறிவோடு நில்லுங்கள்.

மருந்தைத் தாங்கும் தளப்பொருளுக்குத் தண்ணீர் இல்லாததை எடுங்கள். ஜெலுசயர் 48/16 போன்றது 48 டிகிரிக்கு அருகே உருகும், ஆறினால் கெட்டியாகும், தண்ணீரில் பரவும். ஜெலட்டின் அல்லது பெக்டின் வைத்த மிட்டாய் வகையில் தண்ணீர் இருப்பதால், அச்சிட்ட நிமிடத்தில் 250 மி.கி. இருந்தது காய்ந்தபின் 200க்கும் கீழே போகும். மருந்து குறையவில்லை, தண்ணீர்தான் போயிற்று. ஆனால் எந்த எடையை நம்புவது என்ற குழப்பம் தரக்கட்டுப்பாடு முழுவதையும் பிடித்து ஆட்டும். அந்த வகைக்குத்தான் போக வேண்டும் என்றால் அச்சிட்டவுடன், ஈரத்தோடு நிறுத்த எடையே கணக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

50 கிராம் மைக்குத் தொடக்கமாக: ஹைட்ரோகார்டிசோன் தூள் 0.5 கிராம் (சான்றிதழில் உள்ள தூய்மை, ஈரம் இரண்டுக்கும் திருத்திய பின்), நுண்ணிய சிலிக்கா 0.5 முதல் 1 கிராம், மீதி தளப்பொருள். இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் இயந்திரத்தில் சரிபாருங்கள்.

மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். அரை கிராம் மருந்துக்கு 10 மி.கி. மாத்திரை 50 பொடிக்க வேண்டும். அதோடு வரும் லாக்டோஸ், ஸ்டார்ச் எல்லாம் உருகாத தூளாக மையைத் தடிக்க வைக்கும், நாசிலையும் அடைக்கும். நுண்தூளாக்கிய மூல மருந்தையே வாங்குங்கள். கட்டி இல்லாமல் 180 மைக்ரான் சல்லடையில் சலித்து, கல்வத்தில் சிலிக்காவோடு சேர்த்துத் தேய்த்து, உருகிய தளப்பொருளைச் சமபங்கு சமபங்காகக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தத் தளப்பொருளில் அரை கிராமைத் தூவிவிட்டுக் கலக்கினால் போதும் என்று நினைத்தால் தூள் உருண்டைகளாக மிதக்கும். முதலில் 60 டிகிரி, கலந்தபின் 55க்கு இறக்கி, சுழல் குழி விழாத மெதுவான வேகத்தில் 15 நிமிடம். சுழல் குழி விழுந்தால் அதோடு காற்றும் உள்ளே போகும்.

சிரிஞ்ச்சை 50 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே நிரப்புங்கள். குளிர்ந்த சிரிஞ்ச்சில் சுவரோடு ஒரு படலம் உறைந்து, உள்ளே நடுவில் மட்டும் மை ஓடும். முதல் நான்கைந்து மாத்திரைகளைக் கழிவில் போட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கடையில் கிடைக்கும் 3டி பிரின்டர் நாசில்கள் பெரும்பாலும் பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது. ஹைட்ரோகார்டிசோன் ஆக்சிஜனேற்றமாகிக் கெடுவதைச் செம்பு வேகப்படுத்தும். சூடான மையைச் செம்பு கலந்த உலோகத்தின் வழியே ஓட்டாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு நாசில், ஒவ்வொரு மருந்துக்கும் தனி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிரிஞ்ச். உருகிய நிலையில் மை இருக்கும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கெடும் இடங்களை எடைப் பட்டியலே சொல்லிவிடும். இலக்கு 120 மி.கி. என்று வையுங்கள்.

120, 121, 119, 120, 107, 131, 120 என்று வந்தால் காற்றுக்குமிழி. குமிழி நாசிலைக் கடக்கும்போது ஒரு மாத்திரை குறைகிறது, அடுத்ததில் அழுத்தம் விடுபட்டுக் கூடுகிறது. 107ஐயும் 131ஐயும் மட்டுமல்ல, அடுத்த இரண்டையும் சேர்த்துக் கழியுங்கள்.

121, 120, 119, 118, 117, 116 என்று படிப்படியாக இறங்கினால் மை எங்கோ குளிர்கிறது, பெரும்பாலும் சிரிஞ்ச் உடலுக்கும் நாசிலுக்கும் நடுவே சூடு படாத அந்த ஒரு சென்டிமீட்டரில். காற்றழுத்தத்தால் தள்ளும் இயந்திரம் என்றால் மை குறையக் குறைய இதே சரிவு வரும். திருகு தண்டால் தள்ளுவதில் குறைவு. எடை மெல்ல ஏறிக்கொண்டே போனால் நாசில் இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டுத் தொடங்கிவிட்டீர்கள். மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவே நூல் இழுத்தால் 2 டிகிரி குறைத்துப் பாருங்கள். நேரடியாக மாத்திரை அட்டையின் பிளிஸ்டர் குழிக்குள்ளேயே அச்சிடும் இயந்திரம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நூல் இழுத்தாலும் அதே குழிக்குள் விழும், கைபடும் வேலையும் குறையும்.

நிறைகோல்:

மேலே சொன்ன எடைப் பட்டியல் சரி. ஆனால் எடை பார்த்தால் போதுமா என்ற கேள்விக்கு என் பதில்: போதாது. தராசுக்குத் தெரியாத பிழை ஒன்று இருக்கிறது.

ஐரோப்பிய மருந்து நூலின் எடைச் சீர்மை விதிப்படி 80 மி.கி.க்கும் 250 மி.கி.க்கும் இடைப்பட்ட மாத்திரைக்கு 7.5 சதவீத விலகல் வரை இடம் உண்டு. 120 மி.கி.க்கு 111 முதல் 129. உள்வரம்பாக 5 சதவீதம், அதாவது 114 முதல் 126 வைப்பது நல்லது. ஆனால் ஒரு மாத்திரையில் மருந்து 25 மி.கி.க்குக் குறைவாகவோ, எடையில் 25 சதவீதத்துக்குக் குறைவாகவோ இருந்தால் எடைச் சீர்மையை வைத்து உள்ளடக்கச் சீர்மைக்கு, அதாவது ஒவ்வொரு மாத்திரையிலும் மருந்து ஒரே அளவு என்பதற்கு, சான்று சொல்ல முடியாது. உங்களுடையது 1.2 மி.கி., 1 சதவீதம். இரண்டு வரம்புக்கும் கீழே.

காரணம் மை ஒரு கரைசல் அல்ல, தொங்கல்; மருந்து கரையாமல் துகளாகவே மிதக்கிறது. உருகிய தளத்தில் மருந்துத் துகள் மெல்லக் கீழே இறங்குகிறது. சிரிஞ்ச் செங்குத்தாக, நாசில் அடியில். ஆகவே முதலில் வரும் மாத்திரையில் மருந்து கூடுதல், கடைசியில் வருவதில் குறைவு. எடை மட்டும் 120, 120, 120 என்று அழகாக வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து 3, நடுவிலிருந்து 4, கடைசியிலிருந்து 3 என்று 10 மாத்திரை எடுக்கிறீர்கள். தொடக்கத்தில் கிராமுக்கு 10.6 மி.கி., நடுவில் 10.0, கடைசியில் 9.3. எடை எல்லாம் 120. டோஸ் 1.27, 1.20, 1.12. சதவீதத்தில் 106, 100, 93. சராசரி 99.7, திட்டவிலக்கம் சுமார் 5.3. திட்டவிலக்கத்தைப் பெருக்க வேண்டிய எண் பத்து மாத்திரைக்கு 2.4, பெருக்கினால் வரும் ஏற்பு மதிப்பு சுமார் 12.8. வரம்பு 15. பேட்ச் தேர்ச்சி!

தேர்ச்சிதான், ஆனால் அந்த மையை நான் வெளியே விடமாட்டேன். பிளிஸ்டர் அட்டைகள் அச்சிட்ட வரிசையிலேயே வீட்டுக்குப் போகும். மாதத் தொடக்கத்தில் குழந்தைக்கு 6 சதவீதம் கூடுதல், மாதக் கடைசியில் 7 சதவீதம் குறைவு. ஒரே எண்ணாகச் சுருக்கும்போது அந்தச் சரிவு மறைந்துவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு மாத்திரையின் அளவையும் அதன் எடையால் வகுத்து, கிராமுக்கு எத்தனை மி.கி. என்று எழுதுங்கள். அந்த எண் நிலையாக இருந்து டோஸ் மட்டும் ஆடினால் குற்றம் பிரின்டரில். அந்த எண்ணே தொடக்கம் முதல் கடைசி வரை சரிந்தால் குற்றம் மையில். இந்த ஒரு நெடுவரிசையை மட்டும் உங்கள் பதிவேட்டில் சேர்த்தாலே போதும், பாதித் தேடல் மிச்சம்.

சரிவுக்குத் தீர்வு: துகள் அளவைப் பாதியாக்கினால் இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகும், எனவே நுண்தூள். சிலிக்கா 1 சதவீதத்திலிருந்து 2க்கு. வெப்பம் ஓடும் அளவுக்கு மட்டும். சிரிஞ்ச்சில் ஒரேயடியாக 40 கிராம் நிரப்பாமல் 15 கிராம்.

ஒவ்வொரு பேட்ச்சையும் எச்பிஎல்சிக்கு அனுப்ப வேண்டுமா? முதல் மூன்று பேட்ச்சுக்கு முழுச் சோதனை, தொடக்கம், நடு, கடைசி எல்லாம். அதன்பிறகு மையைத்தான் சோதியுங்கள். ஒரு மாதத்துக்கு 90 மாத்திரை, 10.8 கிராம். சோதனை, கழிவு, சிரிஞ்ச்சில் தங்குவது எல்லாம் சேர்ந்து 16 கிராம். ஒரு குழந்தைக்கென்று 16 கிராம் மை செய்து அதில் பத்து மாத்திரையைச் சோதனைக்கு உடைப்பது கட்டுப்படியாகாது. 100 கிராம் மை செய்து, சிரிஞ்ச்களில் நிரப்பி உறைய வைத்து, முதல் சிரிஞ்ச்சிலும் கடைசிச் சிரிஞ்ச்சிலும் சோதித்து, முடிவு வரும் வரை தனியே பூட்டி வையுங்கள். உறைந்த நிலையில் துகள் நகராது. உருக்குவது ஒரே ஒரு முறை. உருக்கியதும் இரண்டு சிரிஞ்ச்சை இணைப்பானால் பூட்டி இப்படியும் அப்படியும் 20 தடவை தள்ளிய பிறகே இயந்திரத்தில் ஏற்றுங்கள். மீதியை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அகச்சிவப்புக்கருகு ஒளிக்கருவி வைத்து உடைக்காமலே அளக்கலாம் என்று விற்பனையாளர் சொல்வார். 5, 10 சதவீத மையில் அது நன்றாகப் பேசும். 1 சதவீதத்துக்கு அதை மட்டும் நம்பி வெளியே விடாதீர்கள்.

தராசு பற்றி இரண்டு வரி. மூல மருந்தை நிறுக்கும் தராசு 0.1 மி.கி. வரை காட்டினால், அமெரிக்க மருந்து நூலின் கணக்கில் மிகச் சிறந்த நிலையிலும் அதில் 82 மி.கி.க்குக் கீழே நிறுக்கக் கூடாது. பிரின்டருக்குள் இருக்கும் தராசுக்குத் தினமும் காலையில் 100, 200 மி.கி. படிக்கல் வைத்துப் பாருங்கள். காற்றோட்டப் பெட்டிக்குள் பிரின்டரை வைத்தால் எண் நிற்காமல் ஆடும். நிறுக்கும்போது விசிறி வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

மில்லிகிராம்:

நான் ஒரு படி பின்னால் போய்க் கேட்கிறேன். ஏன் ஹைட்ரோகார்டிசோன்?

உரிமம் பெற்ற குருணை ஏற்கெனவே இருக்கிறது. ஆல்கின்டி, 0.5, 1, 2, 5 மி.கி. ஐரோப்பாவில் 2018இல் அனுமதி. உரிமம் பெற்றது இருக்கும்போது உரிமம் இல்லாததைத் தயாரிக்க முதலில் காரணம் காட்ட வேண்டும். 1.2க்குப் பதில் 1 மி.கி.யா 1.5ஆ என்பதை மருத்துவரோடு பேசிப் பாருங்கள். பல குழந்தைகளுக்கு 0.5 படியில் நாளின் மொத்தத்தைப் பிரித்துக் கொடுத்தாலே ஒத்துவரும். காலையில் 1.5, மற்ற இரு வேளை 1 என்றால் 3.5, உங்கள் இலக்கு 3.6. இந்தக் குழந்தைக்குப் பிரின்டர் தேவையே இல்லை.

அந்தக் குருணைக்கும் ஒரு குறை உண்டு: மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்கக் கூடாது, அடைத்துவிடும். குழாயில் உணவு பெறும் குழந்தைகளுக்காக என்று சொன்னால் உங்கள் வழக்கு வலுவாகும்.

அச்சு முறைக்கு நிஜமாகவே பொருந்தும் இடத்தைப் பார்க்க ஸ்பெயினின் சாண்டியாகோ டி கம்போஸ்டெலாவுக்குப் போங்கள். மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றையும் உடல் சிதைக்க முடியாது. உணவில் அவற்றைக் கட்டுப்படுத்தினால் ஐசோலியூசின் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். அதை மட்டும் தனியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரத்தத்தில் லிட்டருக்கு 200 முதல் 400 மைக்ரோமோல் இலக்கு. இரத்தப் பரிசோதனை வரும்போதெல்லாம் டோஸ் மாறும், வாழ்நாள் முழுக்க வேண்டும், சுவையும் பிடிக்காது. அங்கே மருத்துவமனை மருந்தகத்திலேயே மெல்லும் மாத்திரைகளை ஆறு சுவை, ஆறு நிறத்தில் அச்சிட்டு நான்கு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஆய்வு 2019இல் வெளிவந்தது. பெக்டின் வைத்த கலவை. இங்கே ஜெலட்டின் போட்டிருந்தால் தவறாகியிருக்கும். ஜெலட்டின் புரதம், அதில் லியூசின் இருக்கிறது. எந்தப் பொருளை விலக்க வேண்டுமோ அதையே மாத்திரையில் ஊட்டியதாக ஆகும். குழந்தைகள் மருந்தில் துணைப்பொருள் என்று எதையும் அலட்சியமாகச் சேர்க்க முடியாது. பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க முடியாத பீனைல்கீட்டோனூரியா குழந்தைக்கு அதைத் தரும் அஸ்பார்டேம் இனிப்பு கூடாது. புரொபைலீன் கிளைகாலுக்குப் பிறந்து 28 நாள் வரை நாளைக்குக் கிலோவுக்கு 1 மி.கி.தான் ஐரோப்பிய வரம்பு, அதற்குமேல் 5 வயது வரை 50 மி.கி. பன்றி ஜெலட்டின் என்றால் எத்தனை குடும்பங்கள் மறுக்கும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 3டி அச்சு வலிப்பு மருந்தான ஸ்ப்ரிடாமை உங்கள் நிர்வாகத்தினர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அது ஆலையில், தூள் படுகைமேல் திரவம் தெளித்து, குறிப்பிட்ட சில அளவுகளில் மொத்தமாகத் தயாராவது. உங்கள் வேலைக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

சட்டம்: 23 ஜூலை 2025இல் வந்தது இரண்டு வகைகளைப் பேசுகிறது, நோயாளியின் இடத்திலேயே தயாரிப்பது, நகரும் தொகுப்புக் கூடத்தில் தயாரிப்பது. முதல் வகையின் வரையறையைக் கவனமாகப் படியுங்கள். தயாரிப்பு முறை, ஆயுள், உட்பொருள், கொடுக்கும் வழி இவற்றால், பயன்படுத்தும் இடத்திலோ அதன் அருகிலோ மட்டுமே தயாரிக்க முடிகிற மருந்து. சில நிமிடம், சில மணி நேரம் மட்டும் தாங்கும் மருந்துக்கு இது சரியாகப் பொருந்தும். மாதக்கணக்கில் தாங்கும் மாத்திரையை வேறு ஊரில் தயாரித்து அனுப்ப முடியாதா என்று கேட்டால் பதில் வேண்டும். உங்களுக்கு நடைமுறையில் இரண்டு பாதைதான்: மருந்தாளர் மேற்பார்வையில் பெயர் குறித்த நோயாளிக்குத் தயாரிக்க 1968ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம் தரும் பிரிவு 10 விலக்கு, அல்லது உரிமம் பெறாத மருந்துகளைத் தயாரிப்பதற்கான ஸ்பெஷல்ஸ் உரிமம். எது என்று பிரின்டர் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், அறை அமைப்பே அதைப் பொறுத்தது.

கல்வம்:

மிக்க நன்றி. குழாயில் உணவு பெறும் குழந்தைகள் என்ற வாதம் எங்களுக்கும் பொருந்துகிறது. இப்போதைய பட்டியலில் பாதிப் பேர் அப்படித்தான். நிறைகோல் ஐயா, கிராமுக்கு மி.கி. என்ற நெடுவரிசையைப் படிவத்தில் சேர்த்துவிட்டேன். ஆயுள் எவ்வளவு போடுவது?

நிறைகோல்:

உங்கள் மையில், உங்கள் பிளிஸ்டரில் செய்த நிலைத்தன்மைச் சோதனை சொல்வதே ஆயுள். அது வரும்வரை ஒப்பீட்டுக்கு அமெரிக்க மருந்து நூலின் 795ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். நீர்ச்செயல்பாடு (கிருமி வளரப் பயன்படும் கட்டற்ற நீரின் அளவுகோல்) 0.6க்குக் கீழே உள்ள திட மருந்துக்கு 180 நாள் உச்சவரம்பு. தண்ணீர் உள்ள வகை, கெடாமல் காக்கும் பொருள் சேர்த்தால் 35 நாள், சேர்க்காவிட்டால் குளிர்பெட்டியில் 14 நாள். மிட்டாய் வகை இந்த இரண்டாம் கூட்டத்தில் போய் விழலாம், அளந்து பாருங்கள். எப்படியிருந்தாலும் குழந்தை வளர்கிறது, டோஸ் மாறும். அடுத்த உடல் பரப்புக் கணக்கு வரும் தேதியைத் தாண்டி அச்சிட்டுக் கொடுப்பதில் பயனில்லை.

வைகைக்கரை:

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனை மருந்தகம். இதே 1.2 மி.கி. இங்கேயும் வருகிறது. பிரின்டருக்கு இப்போது வழியில்லை. இங்கே சட்டம் இடம் கொடுக்குமா, அதுவரை என்ன செய்யலாம்?

மில்லிகிராம்:

1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தில் தயாரிப்பு என்பதன் வரையறை, சில்லறை விற்பனையின் வழக்கமான போக்கில் மருந்தைக் கலப்பதையும் வழங்குவதையும் அதிலிருந்து விலக்குகிறது. ஒரு குழந்தைக்கு எழுதிய சீட்டுக்கு அச்சிடுவதை அதற்குள் கொண்டுவர வாதம் உண்டு. முன்கூட்டியே நூற்றுக்கணக்கில் அச்சிட்டு அலமாரியில் அடுக்கினால் அது நிற்காது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் செலவழியுங்கள்.

அதுவரை பொட்டலமே சரி, ஒழுங்காகச் செய்தால். 10 மி.கி. மாத்திரை 4, மொத்தம் 40 மி.கி. முதலில் வெறும் லாக்டோஸைக் கல்வத்தில் தேய்த்து, சுவர்த் துளைகளை அடைத்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்துதான் போய் அந்தத் துளையில் உட்காரும். மாத்திரையைப் பொடித்து, லாக்டோஸைச் சமபங்காகக் கூட்டி மொத்த எடை 6.67 கிராம் ஆக்குங்கள். கிராமுக்கு 6 மி.கி. 200 மி.கி. தூள் ஒரு பொட்டலம், 1.2 மி.கி., 33 பொட்டலம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்துப் போடுங்கள். தாளில் கொட்டிக் கண்ணளவில் கோடு போட்டுப் பிரிக்கும் பழைய பழக்கம் இங்கே வேண்டாம். பால் சர்க்கரையில் உள்ள கேலக்டோஸைச் சிதைக்க முடியாத கேலக்டோசீமியா உள்ள குழந்தைக்கு லாக்டோஸ் கூடாது.

உருகுநிலை:

பிற்பாடு பிரின்டர் வந்தாலும் உங்கள் ஊர் வெயிலை மறக்காதீர்கள். 48 டிகிரியில் உருகும் தளப்பொருள் அதற்கு முன்பே இளகத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். தனித்தனி பிளிஸ்டர் குழியில் இருந்தால் உருகினாலும் டோஸ் அந்தக் குழியை விட்டுப் போகாது. டப்பாவில் கொட்டிக் கொடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எது எத்தனை மி.கி. என்று யாருக்கும் தெரியாது. 55க்கு மேல் உருகும் பாலிஎத்திலீன் கிளைகால் 6000 சேர்க்கலாம், ஆனால் அச்சு வெப்பமும் கூடும், நிலைத்தன்மைச் சோதனையைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இரவுப்பணி:

குழந்தைகள் வார்டு நர்ஸ். மருந்தகத்தில் சரியாகப் போடுவதோடு வேலை முடிவதில்லை, வார்டில் என்ன ஆகிறது என்பதையும் சோதித்துவிட்டு அனுப்புங்கள். மெழுகு போன்ற மாத்திரை குளிர்ந்த தண்ணீரில் பரவாது, மேலே மிதக்கும், சிரிஞ்ச் சுவரில் ஒட்டும். அப்படியே குழாயில் தள்ளினால் பாதி மருந்து சிரிஞ்ச்சோடு குப்பைக்குப் போகும். எத்தனை மி.லி., எந்தச் சூடு, எத்தனை நிமிடம் என்று நீங்களே செய்து பார்த்து, 6 பிரெஞ்ச், 8 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) குழாய் இரண்டிலும் தள்ளி, மறுமுனையில் வந்ததை அளந்து, அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்று மட்டும் எழுதாதீர்கள், டிகிரி போடுங்கள். பிறகு எத்தனை மி.லி. கொண்டு குழாயைக் கழுவ வேண்டும் என்பதையும். திரவக் கட்டுப்பாடு உள்ள குழந்தைக்கு அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும்.

வாயால் எடுப்பவர்களுக்கு: மூன்று வயதுக்குக் கீழே மெல்லும் மிட்டாய் வகை வேண்டாம், தொண்டையில் சிக்கும். நிறமும் வடிவமும் மிட்டாயைப் போல இருந்தால் வீட்டில் உள்ள அண்ணனோ அக்காவோ எடுத்துத் தின்றுவிடும். குழந்தை திறக்க முடியாத உறை கொடுங்கள்.

கல்வம்:

சிஸ்டர், குழாய்ச் சோதனையைச் சரிபார்ப்புத் திட்டத்திலேயே சேர்க்கிறேன். ஒரு சந்தேகம். காய்ச்சல் நாளில் டோஸை இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆக்கச் சொல்வோம். அதற்குத் தனி மாத்திரை அச்சிட்டுக் கொடுக்கலாமா?

இரவுப்பணி:

தனி மாத்திரை வேண்டாம். வீட்டில் இரண்டு அளவு இருந்தால் இரவு இரண்டு மணிக்கு, காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேடும் அம்மா எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது. அதே 1.2 மி.கி. மாத்திரை, மூன்று மடங்கு என்றால் மூன்று. லேபிளில் மில்லிகிராமோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள்: சாதாரண நாள் வேளைக்கு 1 மாத்திரை, காய்ச்சல் நாள் மருத்துவர் சொன்னபடி இத்தனை மாத்திரை. மாதத்துக்கு 90 என்று கணக்காக அச்சிடாமல், ஐந்து நாள் மூன்று மடங்குக்கு ஆகும் கூடுதல் 30ஐயும் சேர்த்து 120 கொடுங்கள். வாந்தி எடுத்தால், குழந்தை துவண்டால் மாத்திரையை நம்பி உட்காராமல் ஊசி போட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதும் அதே லேபிளின் அடியில் இருக்கட்டும். டோஸ் மாறும் அன்று வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகே புதியதைக் கையில் கொடுங்கள். 1.2ம் 1.4ம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.